சாமிக்குத் தனிச் செம்பு

கன்னுக்குட்டியை இப்பவே அவுத்துறாதடா பேராண்டி, இன்னும் ரெண்டு காம்பு பாக்கி கெடக்கு. அந்தச் சோளத்தட்டை மேல உக்காரு. வெள்ளன ஆறு மணிக்கெல்லாம் மாட்டுக் கொட்டத்துப் பக்கம் வந்து நிக்கிறியே, பாலுக்குத்தான் வந்தியாக்கும்னு நெனச்சேன். பட்டிமன்றத்துக்குப் பாயிண்டு கேட்டு வந்திருக்கே.

சரி, தலைப்பை இன்னொரு தடவ சொல்லு. ‘இன்றைய பொதுவாழ்வில் பெரிதும் வளர்ந்திருப்பது பக்தியா, அறமா?’ ஆத்தாடி! அதுவும் ஆடித் திருவிழாவுல, சௌந்தரராஜப் பெருமாள் சன்னதிக்கு எதுக்கால மேடை போட்டா? இந்தத் தலைப்பைக் குடுத்தவன் ஒண்ணு பெரிய வெவரமான ஆளா இருக்கணும், இல்ல வடமதுரைக்குப் புதுசா வந்தவனா இருக்கணும். உனக்கு எந்த அணி? அறமா? சீட்டுக் குலுக்கிப் போட்டாங்களா, இல்ல ஒருத்தனும் எடுக்காத பக்கத்தை உன் தலையில கட்டிட்டாங்களா? எம்புட்டு பேசியிருக்கு? ஆயிரத்து ஐந்நூறும் ஒரு பொன்னாடையுமா? அறத்துக்கு அது சாஸ்திடா. நாங்கெல்லாம் சும்மாவே வச்சிருந்தோம், ஒருத்தனும் கேக்கல.

செயிக்கணுமா? அப்ப நான் சொல்றதைக் கேளு. மொத வேலையா திருப்பதி லட்டை எடு. அதுக்கு இணையா ஒரு தலைப்பு இந்தப் பத்து வருசத்துல வரல. அதுலயும் நமக்கு ஒரு பெருமை இருக்கு பாரு, நெய்யி போனது நம்ம திண்டுக்கல்லுல இருந்து! பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் வாங்கின ஊரு, 2024 செப்டம்பர் 18-க்கு அப்புறம் ஒரு ராத்திரியில நெய்யிக்கும் பேர் வாங்கிருச்சு. ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, போன ஆட்சியில லட்டு நெய்யில மிருகக் கொழுப்பு கலந்தாங்கன்னு சொன்னாரோ இல்லையோ, தில்லியில இருந்து வந்த டிவிக்காரப் பையன் வாயில திண்டுக்கல்லு படாத பாடு பட்டுச்சு. டின்டுகல், தின்டிகல், டிண்டிகுல். ஊரு பேரு வாயில நுழையல, ஊரு பாவம் மட்டும் சரசரன்னு நுழைஞ்சிருச்சு.

அந்த நெய்க் கம்பெனிக்காரங்க கலந்தாங்களா இல்லையாங்கிறது உனக்கும் எனக்கும் வேலையில்ல. அவங்க இல்லைன்னாங்க, கேசு நடக்குது, கோர்ட்டு பாத்துக்கும். நீ மேடையில வாயை விட்றாத, வக்கீல் நோட்டீசு வந்தா பொன்னாடையை வித்தாலும் பத்தாது. நான் சொல்ல வர்றது அதுக்கப்புறம் நடந்த கூத்து.

நாயுடுவோட துணை முதலமைச்சர் பவன் கல்யாண் பதினோரு நாள் பிராயச்சித்த விரதம் எடுத்தாரு. விஜயவாடா கனகதுர்கை கோயில் படியைக் கழுவினாரு. திருமலையில செப்டம்பர் 23-ஆம் தேதி சாந்தி ஹோமம் வளத்தாங்க. போன ஆட்சியில இருந்த ஜெகன் கட்சிக்காரங்க விட்டாங்களா? நாயுடு செஞ்ச பாவத்தைக் கழுவணும்னு 28-ஆம் தேதி கோயிலு கோயிலாப் பூசை போடச் சொன்னாங்க. பாவம் யாருதுன்னு முடிவாகுறதுக்கு முன்னாடியே ரெண்டு தரப்பும் பரிகாரத்தை முடிச்சிருச்சு. நம்ம ஊர்ல மாடு களவு போனா, மொதல்ல மாடு எங்கன்னு தேடுவோம். அங்க மாட்டைத் தேடல, தொழுவத்துக்குச் சாம்பிராணி போட்டாங்க.

இதுல என்னை வயிறு குலுங்கச் சிரிக்க வச்சது நம்ம கார்த்திப் பையன். ‘மெய்யழகன்’ படத்துக்காக ஐதராபாத்துக்குப் போனாரு. மேடையில ஒரு பொண்ணு, லட்டு வேணுமான்னு வெளையாட்டாக் கேட்டுச்சு. இப்ப லட்டைப் பத்திப் பேச வேண்டாம்மா, அது விவகாரமான சமாச்சாரம்னு சிரிச்சுக்கிட்டே நழுவினாரு. வேண்டாம்னு சொன்னதுக்குத்தான் அடுத்த நாளே மன்னிப்புக் கேட்டாரு. நெய்யி விட்டவன், வாங்கினவன், சோதிச்சவன், டெண்டர்ல கையெழுத்துப் போட்டவன், எவனும் மன்னிப்புன்னு வாயைத் தொறக்கல. அந்த ஊரு மொத்தத்துலயும் மொதல்ல மன்னிப்புக் கேட்டது, நெய்யைத் தொடாதவன், லட்டையும் திங்காதவன். இதை எடுத்து விடு, கைத்தட்டு நிச்சயம்.

கைத்தட்டு ஓஞ்ச பெறகு ஒரு கேள்வி மட்டும் கேக்காத. கேட்டா தோத்துருவே. என்ன கேள்வின்னா, நெய்யி என்ன வெல?

அம்புட்டு டிவியில, அம்புட்டு நாளு, அம்புட்டுச் சாமியாருங்க பேசினாங்க. வெலையைக் கேட்ட வாயி கம்மி. கிலோ 320 ரூபா வாக்குலதான் டெண்டர். நீயே கணக்குப் போடு. அந்தச் செல்லுல தட்டு, நான் வாயாலயே சொல்றேன். இந்தா இந்தச் செவலை குடுக்குற பாலுல கொழுப்பு நூத்துக்கு நாலு. ஒரு கிலோ நெய்யி உருக்கணும்னா இருபத்தஞ்சு லிட்டர் வேணும். அப்ப ஆவின்ல பசும்பாலுக்கு லிட்டர் 35 ரூபா, ஊக்கத்தொகை 3 ரூபா தனி. ஊக்கத்தொகையை விட்டுத் தள்ளு. இருபத்தஞ்சை முப்பத்தஞ்சால பெருக்கினா 875. சரி, வெண்ணெய் எடுத்த பாலைக் கொட்டவா போறான், பவுடராக்குவான், தயிராக்குவான், அதுல காசு பாப்பான். அதுக்காகப் பாதியைக் கழிச்சிரு. அப்பவும் நானூறைத் தாண்டுது. வெறகு, லாரி, ஆள் கூலி, முதலாளிக்கு லாவம் எதுவும் இன்னும் சேக்கல. 320-க்கு நெய்யி வருதுன்னு ஒருத்தன் சொன்னா, நம்ம ஊரு பால் சொசைட்டித் திண்ணையில உக்காந்திருக்குற கெழவன் எவனும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பான். திருமலையில கணக்குத் தெரிஞ்ச ஆளு இல்லாமயா போச்சு? பெறகு கர்நாடகா நந்தினி நெய்யை 475 ரூபா பக்கம் குடுத்து வாங்கினாங்கல்ல, அப்ப மட்டும் கணக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?

இன்னொண்ணு சொல்றேன், இதையும் மேடையில சொல்லாத. குஜராத்து ஆனந்துல சோதிச்ச அறிக்கை இருக்கே, அதுலயே ஒரு ஓரத்துல எழுதியிருந்தான். மாட்டுக்குத் தாவர எண்ணெய்ச் சத்து சாஸ்தியாப் போட்டாலோ, மாடு பட்டினி கெடந்தாலோ, இந்தச் சோதனை தப்பாக் காட்டவும் செய்யலாம்னு. மாட்டைக் கட்டி மேய்க்கிறவனுக்கு அது தங்கமான வார்த்தை. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வக்கிற அன்னிக்குப் பாலுல வாடையே வேறயா இருக்கும், உங்கப்பத்தாளைக் கேளு. அந்த வரியை டிவியில ஒருத்தனும் வாசிக்கல. வாசிச்சிருந்தா சண்டை போட எடமில்லாமப் போயிருக்கும். ஜூலையில வந்த அறிக்கையைச் செப்டம்பர்ல எதுக்குப் பத்திரிகைக்காரன்கிட்டச் சொன்னீங்கன்னு சுப்ரீம் கோர்ட்டு கேட்டுச்சு. செப்டம்பர் 30-ல, சாமிகளையாவது அரசியலுக்கு வெளிய விட்டு வைங்கப்பான்னு ஒரு குட்டும் வச்சாங்க. அக்டோபர் 4-ல அஞ்சு பேரு கொண்ட விசாரணைக் குழு போட்டாங்க. சிபிஐல ரெண்டு, ஆந்திரா போலீசுல ரெண்டு, உணவுப் பாதுகாப்பு ஆபீசுல ஒண்ணு. உண்மையைத் தேட அஞ்சு பேருல ரெண்டு அணி!

இந்த அமளியில சனம் என்ன செஞ்சுச்சு தெரியுமா? செப்டம்பர் 19-ல இருந்து நாலே நாள்ல 14 லட்சம் லட்டு வித்துச்சு. ஒருத்தன் கூட வரிசையை விட்டு வெளிய வரல. பக்தின்னா அதுதான்டா. நம்பிக்கை வேற, நெய்யி வேறன்னு சனத்துக்குத் தெரிஞ்சிருக்கு. டிவிக்காரனுக்குத்தான் தெரியல.

இந்தா, செம்பைப் பிடி. சிந்தாத.

வெலை கேட்டா பக்தி கொறஞ்சிரும்னு நெனக்கிறாங்க பாரு, அதுதான் எனக்கு வெளங்கல. அந்த ஏழுமலையான் யாரு? கடன்காரச் சாமி. கல்யாணச் செலவுக்குக் குபேரன்கிட்டக் கடன் வாங்கி இன்னும் வட்டி கட்டிக்கிட்டு நிக்கிறாருன்னுதான கதை? பத்திரம் எழுதிக் குடுத்து வாங்கினாரு. சாமியே கணக்கு வச்சிருக்கு. உண்டியலை எண்ணுறதுக்குப் பரகாமணின்னு ஒரு எடம் வச்சிருக்காங்க. எண்ணப் போற பக்தன் சேவைக்குத்தான் போறான், கூலிக்கு இல்ல. ஆனா சட்டைப் பையி இல்லாம, வேட்டியும் பனியனுமாத்தான் உள்ள விடுவாங்க. பக்தன் மேல முழு நம்பிக்கை, அவன் சட்டைப்பை மேல மட்டும் நம்பிக்கை கெடையாது. இதைவிட ஒழுக்கத்தைப் பத்தி எவன் என்ன பேசிறப் போறான்?

அது கெடக்கட்டும், உங்க மேடைக்கு மைக்செட்டு யாரு உபயம்? நம்ம பைனான்சுக்காரரா? நூத்துக்கு மாசம் அஞ்சு வட்டிக்கு விடுறவரா? நல்லது. குபேரன் கூட அம்புட்டு வாங்கியிருக்க மாட்டான், வாங்கியிருந்தா ஏழு மலையில ஆறு இந்நேரம் கிரயமாயிருக்கும். அவரு முன்வரிசையில உக்காந்திருக்கப்ப, அறம் செத்துப் போச்சுன்னு பொத்தாம்பொதுவாச் சொல்லு. அவருதான் மொதக் கைத்தட்டு. பொத்தாம்பொதுவாப் பேசுற வரைக்கும் எந்தக் களவாணியும் கோவிச்சுக்க மாட்டான், இதை முடிஞ்சு வச்சுக்க. ‘சமுதாயம் கெட்டுப் போச்சு’ன்னு சொல்லு, ஊரே தலையாட்டும். ‘மேலத்தெருவுல மூணாவது வீடு’ன்னு மட்டும் சொல்லிப்புட்டு, அப்புறம் எந்த வழியா வீட்டுக்குப் போறேன்னு பாக்குறேன்.

திருப்பதி சலிச்சுப் போச்சுன்னா பழனிக்கு வா. அதுவும் நம்ம சில்லாதான். லட்டுப் பேச்சு ஓடுன அதே வாரத்துல, சினிமா டைரக்டர் ஒருத்தர் பஞ்சாமிர்தத்துல என்னமோ மாத்திரை கலக்குறாங்கன்னு கேள்விப்பட்டதா யூடியூப்ல அவுத்து விட்டாரு. கையோட பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. இன்னொரு பக்கம், பழனிக்கு நெய்யி ஆவின்ல இருந்துதான் வாங்குறோம்னு அறநிலையத்துறை சொல்ல வேண்டியதாப் போச்சு. கேள்விப்பட்டேங்கிறது ஒரு சாட்சியாடா? பஞ்சாமிர்தத்தைப் பத்தி ஒரு சேதி தெரியுமா உனக்கு? விருப்பாச்சி மலைவாழை, நாட்டுச்சர்க்கரை, நெய்யி, தேனு, பேரீச்சை, கற்கண்டு, ஏலம் எல்லாம் போட்டுப் பிசைவாங்க, ஒரு சொட்டுத் தண்ணி சேக்க மாட்டாங்க. அதனாலதான் கெடாம நிக்குது. 2019-ல அதுக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்க. அதே வருசம் திண்டுக்கல் பூட்டுக்கும் குடுத்தாங்க. ஒரே சில்லாவுல ஒண்ணு பிரசாதம், ஒண்ணு பூட்டு. நம்ம சனத்தோட குணத்தை இதைவிடச் சுருக்கமா அரசாங்கம் எழுதினதில்ல.

முருகன் பாடுதான் பாவம். பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டுத் தனியா மலையேறுன புள்ள. 2024 ஆகஸ்ட்ல 24, 25 ரெண்டு நாளும் அரசாங்கமே பழனியில அனைத்துலக மாநாடு நடத்துச்சு. 2025 ஜூன் 22-ல இந்து முன்னணி மதுரையில முருக பக்தர் மாநாடு நடத்துச்சு. சாமியே இல்லைன்னு சொன்னவரோட வழி வந்தவங்க ஒரு பக்கம், சாமி எங்களுக்குத்தான்னு சொல்றவங்க ஒரு பக்கம். தகப்பனும் அண்ணனும் வந்து கூப்பிட்டிருந்தா கூட எறங்கி வந்திருப்பாரு. இவங்க ரெண்டு பந்தலையும் பாத்துட்டு, மேலேயே இருந்துக்கறேன்னு சொல்லியிருப்பாரு. இதுக்குள்ள நீ போகாத. ரெண்டு கட்சிக்காரனும் ஊர்ல இருக்கான், ரெண்டு பேருக்கும் நான்தான் பால் ஊத்துறேன்.

அரசியல்வாதியைத் திட்டணுமா? தாராளமாத் திட்டு. யாரைத் திட்டினாலும் இன்னொருத்தன் கைத்தட்டுவான். அதிகாரியைத் திட்டணுமா, அதுக்கும் நம்ம ஊர்லயே சரக்கு இருக்கு. 2023 டிசம்பர் 1-ஆம் தேதி, திண்டுக்கல்லுல ஒரு அரசாங்க டாக்டர்கிட்ட 20 லட்சம் வாங்கினாருன்னு அமலாக்கத்துறை அதிகாரியையே லஞ்ச ஒழிப்புப் போலீசு பிடிச்சுச்சு. அப்புறம் மதுரையில இருக்குற அமலாக்கத்துறை ஆபீசுக்குள்ளயே போயிச் சோதனை போட்டாங்க. ரெய்டுக்குப் போறவன் வீட்டுக்கே ரெய்டு! அதுவும் குற்றச்சாட்டுதான், தீர்ப்பு கோர்ட்டு சொல்லணும். ஆனா அன்னிக்கு டீக்கடையில நம்மாளுக மொகத்தைப் பாக்கணுமே, பெருமாள் சப்பரத்துல வர்றப்பக் கூட அம்புட்டுச் சந்தோசம் இருக்காது. அடுத்தவன் ஒழுக்கம் கெட்டதைக் கேக்குறதுல இருக்குற ருசி, நம்ம ஒழுக்கமா இருக்குறதுல கெடையாதுடா.

கக்கன் பேரைச் சொல்லலாம்னு வச்சிருக்கியா? சொல்லுவே, தெரியும். எல்லாப் பட்டிமன்றத்துலயும் கடைசி அஞ்சு நிமிசம் அவருக்குத்தான். மந்திரியா இருந்தவரு, சொந்த வீடில்ல, கடைசிக் காலத்துல கவர்மெண்டு ஆசுபத்திரியில கெடந்தாரு. சொல்றப்ப உனக்கு நெஞ்சு அடைக்கும், கேக்குறவன் கண்ணைத் தொடைப்பான். அந்த மனுசனை 1967-ல தோக்கடிச்சது யாரு? வெளிநாட்டுக்காரனா வந்து ஓட்டுப் போட்டான்? நம்ம சீமைச் சனம்தான். நல்லவரு, பாவம்னு சொல்லிக்கிட்டே தோக்கடிச்சோம். இப்ப அவரு பேரைச் சொன்னா கைத்தட்டுறோம், தட்டின கையை நீட்டித்தான் கவரும் வாங்குறோம்.

கவருன்னதும் ஞாபகம் வருது. உங்கப்பத்தா சமாச்சாரம் உனக்குத் தெரியுமா? அவ காதுல விழாம மெதுவாச் சொல்றேன். ஒரு எலெக்சன்ல ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினான் ஒருத்தன். நம்ம வீட்டுல அப்ப எட்டு ஓட்டு. ஓட்டுக்கு ஐந்நூறு. குடுத்தவன் சும்மா போகல, ஒரு வெத்தலையில சூடத்தை வச்சுக் கொளுத்தி, பெருமாள் மேல சத்தியம் வாங்கிட்டுப் போனான். இவ அடிச்சுக் குடுத்துட்டா. மறுநாள் வெடியக்காலம் இன்னொருத்தன் வந்தான். அவங்ககிட்டக் காசு கம்மி, ஓட்டுக்கு முந்நூறு. சூடம் மட்டும் அதே பிராண்டு. அதுக்கும் சத்தியம். ரெண்டு பேரும் போன பெறகு அடுப்படியில உக்காந்து ஒரே அழுகை. பணத்தை வாங்கினதுக்கா அழுதா? இல்லடா, பெருமாளுக்கு ரெண்டு வாக்குக் குடுத்துட்டேனேன்னு. சோறு எறங்கல. அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடிச்சா. ஐந்நூறு குடுத்தவனுக்கு அஞ்சு ஓட்டு, முந்நூறு குடுத்தவனுக்கு மூணு ஓட்டு. வீட்டுல எட்டுப் பேரையும் வரிசையா நிக்க வச்சு, நீ அதுக்கு, நீ இதுக்குன்னு பிரிச்சு விட்டா. என்னை முந்நூறுல போட்டுட்டா, அந்தக் கோவம் இன்னும் எனக்கு இருக்கு.

சிரிக்காத. காசு குடுத்த ரெண்டு பேருக்கும் எந்தச் சாமி பயமும் கெடையாது. வாங்கினவளுக்குத்தான் இருந்துச்சு. அந்தப் பயத்தைத்தான் அவன் வெலைக்கு வாங்கினான், ஓட்டை இல்ல. நம்மகிட்டப் பக்தி இருக்குங்கிற நம்பிக்கையில நடக்குற யாவாரம்டா இது. நாத்திகன் வீட்டுல சூடத்தை எப்படிக் கொளுத்துவான்? உன் எதிரணிக்காரன் பக்தி வளந்திருக்குன்னு சொன்னா, ஆமாங்கய்யா, அதுக்கு ரேட்டும் வளந்திருக்குன்னு சொல்லு.

சரி, நான் மட்டும் யோக்கியனான்னு கேக்குறே. மூஞ்சியிலயே தெரியுது. கேளு.

எங்காத்தா, உனக்குக் கொள்ளுப்பாட்டி, சொசைட்டிக்குப் பால் ஊத்தினவ. அப்ப மெசினு கெடையாது. பால்மானின்னு ஒரு கண்ணாடிக் குச்சி. பாலுக்குள்ள விட்டா மெதக்கும். நல்ல பாலுன்னா 28, 30-ல நிக்கும். தண்ணி கலந்தா கனம் கொறஞ்சு, குச்சி உள்ள எறங்கி 22-ஐக் காட்டும், மானத்தை வாங்கிரும். எங்காத்தா தெனம் அரைச் செம்புத் தண்ணி ஊத்துவா. அதை அவ தப்பா நெனச்சதே இல்ல. ‘மாடு குடிச்ச தண்ணிதானடா பாலா வருது, கொஞ்சம் வெளிய நின்னா என்ன’ம்பா. ஆனா புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்குப் போற பாலுக்குத் தனிச் செம்பு. வெள்ளிக்கிழமையே புளி போட்டு வெளக்கிக் கவுத்து வச்சிருவா. அதுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. கல்லுச் சாமிக்குச் சுத்தமான பாலு, பால் டப்பாவோட வரிசையில நிக்கிற கைப்புள்ளக்காரிக்கு அரைத் தண்ணி. வீட்டுல யாருக்கும் இது உறுத்தல. எனக்கும்தான்.

சொசைட்டிக்காரன் ஒரு நாளு பிடிச்சிட்டான். 22-ல நின்னுச்சு. பத்துப் பேரு முன்னாடி கேனைக் கவுத்தான். எங்காத்தா மூணு நாளு வெளிய வரல. நாலாவது நாளு யாரோ ஒரு வெவரம் சொல்லிக் குடுத்துட்டாக. பாலுல மேல நிக்கிற ஆடையை எடுத்துட்டா மானி மேல ஏறும், தண்ணி ஊத்தினா கீழ எறங்கும். அப்ப ரெண்டையும் செஞ்சா? ஆடையையும் எடு, தண்ணியையும் ஊத்து. குச்சி அச்சாணி மாதிரி 28-ல நிக்கும்! அன்னையில இருந்து எங்க வீட்டுல வெண்ணெயும் மிஞ்சுச்சு, சொசைட்டியில நல்ல பேரும் மிஞ்சுச்சு. ஒரு வருசம் நல்ல பால் ஊத்துறவங்கன்னு பொங்கலுக்கு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி குடுத்தாங்க. அந்தா, கன்னுக்குட்டிக்குக் கஞ்சி வக்கிறேனே, அதுதான்.

அந்தக் குச்சியை மேடையில பேசுறவன் வாயில விட்டுப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. கரெக்டா 28-ல நிப்பாங்க எல்லாரும்.

பெறகு கொழுப்பு பாக்குற மெசினு வந்துச்சு, எங்க வெண்ணெய் யாவாரமும் படுத்துச்சு. எங்காத்தா அன்னிக்குச் சொன்னது, ‘இந்தப் பாழாப் போன மெசினுக்குச் சாமி பயமே இல்லடா.’

பாலுன்னதும் இன்னொண்ணு. இதை நான் எவன்கிட்டயும் சொன்னதில்ல. ரோட்டோரம் அப்ப ஒரு டீக்கடைக்கு நான்தான் பால் ஊத்துவேன், பதினஞ்சு வயசு இருக்கும். கடைக்குள்ள பலகையில ஒரு வரிசைக் கிளாசு. வெளிய பனங்கூரைக் கம்புல கயித்துல மாட்டி ரெண்டு மூணு கிளாசு தொங்கும். வெளிய குடிக்கிறவுக அவுகளே கழுவி அவுகளே மாட்டிட்டுப் போகணும். பால் ஒண்ணு, கொதிச்ச சட்டி ஒண்ணு, அடுப்பும் ஒண்ணு. கிளாசு மட்டும் ரெண்டு. ஒரு நாளு உள்ள கிளாசு பத்தாம, கடைக்காரர் வெளிய கிளாசுல எனக்கு டீயை ஊத்திட்டாரு, மறதியா. நான் குடிக்கல. ஏன்னு அவரும் கேக்கல, ஊத்திட்டுப் போன டீ ஆறிக் கெடந்துச்சு. தண்ணி ஊத்தின பாலை ஊர் பூரா குடிக்க வச்ச பயலுக்கு, அந்தக் கிளாசுல வாய் வைக்க மனசு வரல. அப்ப நான் கழுத்துல துளசி மணி போட்டிருந்தேன்.

1939 ஜூலை 8-ல மதுரையில வைத்தியநாதய்யரு மீனாட்சி கோயிலுக்குள்ள, அதுவரைக்கும் வெளியவே நிறுத்தி வச்சிருந்த கக்கனையும் மத்தவங்களையும் கூட்டிக்கிட்டுப் போனாரு. எல்லாருக்கும் கதவு தொறந்த பெறகுதான் 1946-ல காந்தி மீனாட்சி கோயிலுக்கும் பழனிக்கும் வந்தாரு. அவங்கெல்லாம் இதைப் பத்தி மேடை போட்டும் பேசினாங்க, வாசப்படியைத் தாண்டியும் காமிச்சாங்க. நான் கிளாசு கிட்டயே நின்னுட்டேன். இன்னும் சொல்லப் போனா, நெய்யில கலப்படம்னா நம்ம ஊருக்கு ஒரு வாரம் கோவம், கல்யாணத்துல கலப்புன்னா ஏழு தலமொறைக்குக் கோவம். முன்னதுக்குப் பரிகாரம் பண்ணினா முடிஞ்சு போவும், பின்னதுக்கு அருவாளைத் தேடுவான். இதை மேடையில சொல்லுவியா? சொல்லு பாப்போம். சொன்னேன்னா அந்த ஆயிரத்து ஐந்நூறை நான் தர்றேன், பொன்னாடை மட்டும் என்னால முடியாது, துண்டுதான்.

என்னடா, நோட்டை மூடிட்டே? எதிரணிக்குப் போயிறலாமான்னு யோசிக்கிறியா? போ, தப்பில்ல. பக்தி அணிக்குப் பேசுறது சுலபம், யாரும் வெலை கேக்க மாட்டாங்க. நடுவரு யாரு? ரிட்டயர்டு வாத்தியாரா? அவரு கடைசியில ரெண்டும் இரு கண்கள்னு சொல்லி முடிச்சிருவாரு, பஸ்ஸுக்கு நேரமாயிரும்.

விடிஞ்சிருச்சு, சொசைட்டி வண்டி வந்துரும். அந்தக் கேனை எடுத்துட்டு வா. கழுவினியா? நல்லாக் கவுத்துத் தண்ணியை வடிய விடு. என்ன, அடியில கொஞ்சம் நிக்குதா? எம்புட்டு இருக்கும், அரைச் செம்பா?

கொட்டப் போறியா... இருடா. இன்னிக்குச் சனிக்கிழமையா?

இல்லல்ல. அப்ப கெடக்கட்டும், ஊத்து.